இரண்டே சீட்

காரை ஒரு தெரு தள்ளி மர நிழலில் நிறுத்திவிட்டு, நாகேந்திரன் பட்டறைக்கு நடந்தே வந்தான். முகத்தில் ஒட்டியிருந்த சிரிப்பைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தான். அது போகிற மாதிரி தெரியவில்லை.

"இன்னா மாமே, திருடன் மாரி பதுங்கிப் பதுங்கி வர்றே?" என்றான் எத்திராஜ்.

நாகேந்திரனுக்குத் திக்கென்றது.

அன்று ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க மெஷின் சத்தம் அடங்கி, சாம்பிராணிப் புகை எழுந்திருந்தது. இவர்கள் பட்டறையிலும் லேத்து, டிரில்லிங் மெஷின் எல்லாம் குளித்து, சந்தனப் பொட்டு வைத்து, கல்யாண மாப்பிள்ளைகள் போல மாலையோடு நின்றன. ஒரே தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பழகிய இருவரும், கூட்டாகச் சேர்ந்து வாங்கிய மெஷின்கள்.

பூஜை முடிந்ததும் பொரி கடலைப் பொட்டலத்தை ஆட்களின் கையில் திணித்தான் எத்திராஜ். "கெளம்புங்கப்பா, ஊட்ல போயி புள்ளைங்களோட இருங்க. பூட்றத நான் பாத்துக்கறேன்."

கற்பூரத் தட்டைக் கீழே வைத்தவனின் சட்டைக் காலர் நைந்து, திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நாகேந்திரன் அவன் அருகில் போய் நின்றான்.

"எத்திராஜு, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது. நான் காரு வாங்கிட்டேன்."

"அடி சக்கை! அம்பாசிடரா?"

"இல்லடா. ஸ்போர்ட்ஸ் காரு. செவப்பு. ரெண்டே சீட்டு."

சொந்த ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்ற கார். அப்பா விட்டுப்போன மனையை விற்று வாங்கியது. அதில் எத்திராஜுக்கு ஒரு பங்கும் கிடையாது. ஆனாலும் எடுத்த நாளிலிருந்து முகப்பேரில் ஒரு தெரிந்தவர் வீட்டில் ஒளித்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"பட்டறைக் கூரை ஒழுவுது, மாத்தணும்னு நீ சொல்லிக்கினே இருந்தே. நான் போயி இப்டி ஒரு கூத்து பண்ணிட்டேன்டா. ராத்திரி தூக்கம் வரல."

எத்திராஜ் அவனை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"உங்கப்பன் உட்ட மனை. வித்தே, வாங்குனே. இதுக்குப் போயி கண்ணு கலங்கறியே! எங்க நிக்குது? வா, ஒரு ரவுண்டு உடு."

பூஜைத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழங்களை அவனே எடுத்துவந்து, அவனே குனிந்து, சக்கரங்களுக்கு அடியில் வைத்தான். அவை நசுங்கிய சத்தத்தில் நாகேந்திரனின் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்றும் நசுங்கிப் போனது.

காரின் துணிக் கூரையை மடக்கிவிட்டதும் வானம் இறங்கிவந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. டீக்கடை வாசலில் இருந்த பையன்கள் விசிலடித்தார்கள். பருத்திப்பட்டு ஏரியோரம் போகையில், தண்ணீரில் ஒரு சிவப்புக் கோடு கூடவே ஓடி வந்தது. எப்போதோ ஒரு வார இதழில் இந்த மாதிரிக் காரின் படத்தைப் பார்த்து, அதைக் கத்தரித்துத் தன் டூல்ஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்ட பையன், நாகேந்திரனுக்குள் எழுந்து உட்கார்ந்து கூவினான்.

"திரும்பலாமா?" என்று கேட்டான் நாகேந்திரன்.

"இன்னாத்துக்கு அவசரம்? பூந்தமல்லி வரிக்கும் போவலாம்."

பூந்தமல்லியில் சாப்பிட்டார்கள். எத்திராஜ் நிதானமாகச் சாப்பிட்டான், இரண்டு காபி குடித்தான். வெளியே வந்ததும், "திருமழிசை வரிக்கும் ஒரு அழுத்து அழுத்தேன். ரோடு காலியா கீது" என்றான்.

பாவம், இவன் ஒரு நாளாவது இப்படிச் சுற்றியிருப்பானா என்று நினைத்தான் நாகேந்திரன். வாய் தானாகவே திறந்தது.

"அடுத்த பூஜைக்கு உனக்கும் ஒரு காரு எடுக்கறோம். இல்லாட்டி இத்த வித்துட்டு, கூரைய மாத்திடறேன். சத்தியமா."

எத்திராஜ் சாலையைப் பார்த்தான். அவன் கண்களில் நீர் கோத்திருந்தது. காற்று அப்படி அடித்தது.

வெயில் தாழ்ந்தபோது ஆவடி ஸ்டேஷன் எதிரில் நிறுத்தச் சொன்னான். "ஊட்ல எல்லாரும் நேத்தே அரக்கோணம் பூட்டாங்க மாமே. நானும் அப்டியே ரயிலேறிடறேன்." இறங்கியவன் கதவை மெல்லச் சாத்தினான். "காரு சூப்பரா கீது. ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

திரும்பும்போது நாகேந்திரன் பாட்டு முணுமுணுத்தான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. காரை நேராகப் பட்டறை வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான்.

எப்போதும் சலாம் வைக்கிற வாட்ச்மேன் வேம்புலி, ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஷட்டர் பாதி திறந்து கிடந்தது.

உள்ளே லேத்து இல்லை. டிரில்லிங் மெஷின் இல்லை. சிமெண்ட் தரையில் போல்ட் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி மாலைகள் மிதிபட்டுக் கிடந்தன.

"வேம்புலி! மெஷினெல்லாம் எங்கேய்யா?"

"மத்தியானமே லாரில ஏத்திகினு பூட்டாங்க. தெரியாத மாரி கேக்கறீங்களே மொதலாளி."

"யாரு ஏத்தச் சொன்னது?"

"எத்திராஜ் அண்ணாத்தேதான். காலைல நீங்க வர்றதுக்கு முந்தியே எங்க எல்லாரையும் கூப்ட்டு வெச்சு சொல்லிச்சு. கூட்டிப் பெருக்கற பொன்னியம்மா அழுதுகினே போச்சு."

"என்னன்னு சொன்னான்?"

வேம்புலி அவனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற காரைப் பார்த்தான்.

"இந்தக் காருக்கோசரம் நீங்கதான் எல்லாத்தையும் வித்துட்டீங்கன்னு."