வலது பக்க டாங்க்

"விமானத்தோட இடது டாங்க்ல பெட்ரோல் நிரப்புறது உன் வேலை, வலது என்னுது. என் பக்கம் எட்டிப் பார்க்காதே," என்பான் நெவில்.

"பெரிய பாகப்பிரிவினை," என்று சிரிப்பாள் அவன் மனைவி மெரில்.

அவன் இறந்து பதினோரு வாரம் ஆகிவிட்டது. பழக்கத்தில் இடது டாங்க்கை மட்டும் கவனித்தபடி, குயின்ஸ்லாந்துப் பண்ணைகளுக்குத் தபால் விமானத்தை மெரில் தனியாக ஓட்டினாள். பக்கத்துக்கு ஒரு டாங்க்காக, இரண்டு இன்ஜினும் ஒரே சீராக ஓடின.

இன்று தரையிறங்கியதும் பெட்ரோல் நிரப்பும் கிளாரி கேட்டார். "வலதுக்கு எங்கே ஊத்திக்கிறே மெரில்? நெவில் போனப்புறம் என்கிட்ட கேட்கவே இல்லையே?"

அவள் வலது இறக்கைமேல் ஏறி டாங்க்குக்குள் அளவுக்குச்சியை விட்டாள். நுனியில் தூசிதான் வந்தது. இப்போதுதான் ஓடி நின்ற அந்தப் பக்க இன்ஜின் கையைச் சுட்டது.

கிளாரி போகும்வரை காத்திருந்தாள். பிறகு விமானத்துக்குள் உட்கார்ந்து, தினமும் மென்று விழுங்கியதை வாய்விட்டுக் கேட்டாள்.

"ஒரு தடவை முகத்தைக் காட்டேன், நெவில்."