சர்க்கரை விட்ட வீடு

“நாய் எதுக்கு? நல்ல ஜாதி நாய். இவ இருக்காளே,” என்றார் ஆம்ப்ரோஸ்.

இவ என்றது என்னை, அந்த வீட்டு அடிமையை. சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, அதில் ஒரு கரண்டியையும் குத்தி வைத்தார்.

மாடியில் அவருடைய அண்ணன் கேப்டன் பெட்வின் போர்த்திய துணிக்குள் கிடந்தார். நேற்று மாலை டீ குடித்தவர், இரவெல்லாம் வாந்தி எடுத்து, விடியும்போது அடங்கிவிட்டார். கினியாக் கரையில் ஆட்களை அடிமைகளாக அள்ளி, கரும்புத் தீவுகளில் கொண்டுபோய் விற்று வந்த மனிதர். கடல் கொண்டுபோகவில்லை. சொந்த மெத்தையில் சுருண்டு செத்தார்.

டாக்டர் கிரீட் பிணத்தைப் பார்த்துவிட்டு, எலிப் பாஷாணமாக இருக்கலாம், சர்க்கரையை நாய்க்கு வைத்துப் பார்க்கலாம் என்றார். ஒரே கெட்டில் டீயைத்தான் அவர் மனைவி, என் எஜமானியம்மாவும் குடித்தார். சர்க்கரை போட்டுக்கொண்டது கேப்டன் மட்டும்.

அம்மா சர்க்கரையை விட்டு ஐந்து மாதம். அந்தக் குளிர்காலத்தில் பிரிஸ்டலில் நிறையப் பெண்கள் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு கரண்டியிலும் அடிமையின் ரத்தம் இருக்கிறது என்று எங்கள் கூடத்தில்தான் கூடிப் பேசுவார்கள். நான்தான் டீ ஊற்றுவேன். அம்மாவின் கழுத்தில் ஒரு பதக்கம். அதில் விலங்கு பூட்டிய கறுப்பன் ஒருவன் முழந்தாளிட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பான். கேப்டனோ வேண்டுமென்றே அவர்கள் எதிரில் வந்து உட்கார்ந்து, நாலு கரண்டி அள்ளிப் போட்டு, சத்தம் வரக் கலக்குவார்.

“கிண்ணத்த ரொப்புறது இவதான். விஷம் இல்லன்னா தின்னுட்டுப் போறா,” என்றார் ஆம்ப்ரோஸ்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

கலந்தது யார் என்று எனக்குத் தெரியும். நேற்று மத்தியானம் நிலவறைக் கதவிடுக்கில் கண்ணால் பார்த்தேன். எலிக்கு வைக்கும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கை நடுங்காமல் சர்க்கரையில் கலந்துகொண்டிருந்தது அம்மாதான். சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். தினமும் அம்மாவுக்கு உடுப்பு மாட்டிவிடுகிறவள் நான். கேப்டன் அடித்து அவர் முதுகில் எந்தக் காயம் எதற்காக விழுந்தது என்பதுவரை தெரியும். அந்த ஆளுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“அவர் கண்ண மூடட்டும், உன்ன விட்டுடறேன் ஜூனோ,” என்று எத்தனையோ தடவை என் கையைப் பிடித்துச் சொன்னவர் அம்மா. ஜூனோ கேப்டன் வைத்த பெயர். நாய்க்கு ஜூபிடர் என்று வைத்தார், எனக்கு இது. என் தாய் வைத்த பெயர் மிம்பா. அதை இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

வேண்டாம் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவம் அவள், விடுங்கள் என்றால் போதும். யாரும் சந்தேகப்படப் போவதில்லை. அடிமைகளுக்காக அழுகிறவர் என்று ஊருக்கே தெரியும்.

அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணிக்கு இளகின மனசு. இதையெல்லாம் பாக்க முடியாது,” என்றார் ஆம்ப்ரோஸ். “ம், தின்னு.”

நானும் சர்க்கரையை விட்டவள்தான். எனக்கு எந்தக் கூட்டமும் சொல்லித்தரவில்லை. நீவிஸ் தீவில், கரும்பாலை உருளைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கோடரி சாய்ந்திருக்கும். கரும்பு வெட்ட அல்ல. தூக்கக் கலக்கத்தில் யார் கையாவது உருளைக்குள் போனால், ஆலையை நிறுத்தாமல் கையை வெட்டி எடுக்க. என் அக்காவின் கையை அப்படித்தான் எடுத்தார்கள். அன்றைக்குப் பிழிந்த சாற்றை யாரும் கீழே கொட்டவில்லை. அதற்குப் பிறகு நான் இனிப்பை நாக்கில் வைத்ததே இல்லை.

மூன்று கரண்டி தின்றேன். குமட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினேன்.

பிறகு அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ஆம்ப்ரோஸ் புகைக்குழாயை நிரப்பி, பிடித்து முடித்து, மறுபடியும் நிரப்பினார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

“அப்ப அந்தப் பழைய கினியாக் காய்ச்சல்தான் திரும்பியிருக்கு,” என்று டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கலந்ததையெல்லாம் கேப்டனே வழித்துப் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

“நீங்க ரொம்பச் சோர்ந்துட்டீங்க. இனிப்பா ஒரு டீ குடிங்க, தெம்பு வரும்,” என்றார் டாக்டர்.

“இன்னிக்கு ஒரு நாள் கடவுள் மன்னிப்பார்,” என்றாள் அவள். “ஜூனோ, சர்க்கரை போட்டே கொண்டா.”

பயப்பட என்ன இருக்கிறது? கிண்ணத்தைத்தான் சோதித்துப் பார்த்தாகிவிட்டதே.

அந்தக் கிண்ணத்தை, காலையில் மாடியில் அழுகை கேட்டதுமே நான் காலி செய்து, வெந்நீர் விட்டுக் கழுவி, புதுச் சர்க்கரை நிரப்பிவிட்டேன். இந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் என் கழுத்தைத்தான் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பழையதைக் காகிதத்தில் மடித்து, பாவாடைக்குள் தொங்கும் பையில் போட்டுக்கொண்டேன். மீன் வாங்கப் போகும்போது ஆற்றில் கொட்டிவிடலாம் என்றிருந்தேன். அம்மாவைக் காப்பாற்றத்தான்.

பொட்டலம் தொடையில் உரச, கதவுவரை போய்த் திரும்பினேன்.

“எத்தனை கரண்டிம்மா?”

அவள் பதக்கத்தைத் தடவிக்கொண்டே ஒரு நிமிடம் மாடிப் பக்கம் பார்த்தாள்.

“அவருக்குப் போடுவியே,” என்றாள், “அதே அளவு போடு.”