முழங்கால் அளவுப் பனி

மேல்பனி பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே சீனி போல ஒரு படை.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கிள்ளிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இப்படிப்பட்ட சரிவில் ஆள் பாரம் பட்டால் அந்தக் கீழ்ப்படை அமுங்கும், ஒரு சத்தம் வரும், பிறகு மேலே உள்ளது வழுக்கும்.

ஸ்காபரோ நகரின் விளிம்பில், றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மலையா இருக்கிறது? கரைமேடுகள்தான். சரிந்தாலும் முழங்கால் அளவு வரும். நிமிர்ந்து நிற்கிறவனை அது ஒன்றும் செய்யாது.

கீழே என் தம்பி அகஸ்ரின் நின்றான். குருநகரிலிருந்து வந்து அவனுக்கு இது இரண்டாவது மாரி. என்னைத் தனியே காட்டுக்குள் விட அம்மாவுக்கு மனமில்லை. இவனைக் காவலுக்கு அனுப்பியிருந்தா. இரவல் ஸ்கீப் பலகைகளில் விழுந்தெழும்பி வந்த காவல்.

“உந்த ஐஸைக் கிள்ளிப் பாக்கவோ அக்கா நாலு வருசம் படிச்சனீ? அம்மாவின்ர பிறிஜ்ஜுக்குள்ளயும் கிடக்கு.”

எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அதைத் தொட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “வாயை மூடிக்கொண்டு அங்கால தள்ளி நில்!” என்று கத்தினேன்.

சிரித்தபடி ஓர் அடி வைத்தான்.

தொம்.

சரிவின் குறுக்கே வெடிப்பு ஓடியது. நான் பார்த்தவற்றில் ஆகச் சின்னச் சரிவு. நில்லடா, நில்லடா என்றேன்.

அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு ஒன்றைத்தான் படித்திருந்தது. குப்புற விழுந்தான். கையுறையைப் பல்லால் கவ்வினான். இரண்டு காதையும் பொத்தினான். சண்டைக் காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் பழக்கியது அப்படித்தான். ஷெல்லுக்கு அது சரி. இந்த நாட்டுச் சனியன் பிடித்த பனிக்கு அது தெரியுமா?

பனி அவன்மேல் ஏறி நின்றது.

வெளியே ஒரு ஸ்கீயின் முனை மட்டும் தெரிந்தது. ஆடியது. உதைக்கிறான்.

சறுக்கி விழுந்து போய்க் கையால் கிண்டினேன். சரிந்து நின்ற பனி சீமெந்தாக இறுகும், மூக்குப் பக்கத்தை முதலில் திறக்கவேண்டும். எல்லாம் தெரியும். முனை இன்னும் ஆடியது. அவனுடைய தொப்பிக் கம்பளி விரலில் தட்டுப்பட்டது.

“இந்தா, வந்திட்டனடா.”

அக்கரையில் இன்னொரு தொம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே என்ன சரிந்தாலும் இங்கே ஒரு துகளும் வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம் போனது என்று மட்டும் இன்றுவரை தெரியாது.

காதிலிருந்து கையை எடுத்தபோது பள்ளத்தாக்கில் ஒரு சத்தமும் இல்லை. பனியிலிருந்து முகத்தைத் தூக்கினேன். ஸ்கீ முனை ஆடவில்லை.

என் பற்களுக்கிடையில் என்னுடைய கையுறை இருந்தது.