கிழவன் படுத்துட்டான்

மதிய வெயில் கம்பி ஜன்னல் வழியா லாயத்து வைக்கோல் மேல கோடு கோடா விழுந்து கிடக்குது. குதிரைங்க தூக்கத்தப் பத்தி மேற்படிப்பு படிக்கிறவ, கண்ணு ரெண்டும் செவந்துபோய் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. நாள் கணக்கா நின்னுக்கிட்டே கோழித்தூக்கம் போட்டு இவள அலைக்கழிச்ச கிழட்டுக் குதிரை இப்பதான் அசந்து படுத்திருக்கு. நெத்தியில ஒட்டின வயர், அந்தத் தூக்கத்தத் திரையில பதிவு பண்ணுது. இது கிடைச்சாதான் ஆராய்ச்சி முடியும். அந்த நேரம் பாத்து போன் அதிருது. வேற ஒரு குதிரைப் பண்ணையில இருந்து, வேலைக்கான நேர்காணல் அழைப்பு. "எடுடி எரும," வாசல்ல நிக்கிற தோழி கிசுகிசுக்கிறா. "பேசுனா எந்திரிச்சிரும்டி." "அப்ப வெளிய வா!" "அசைஞ்சாலும் எந்திரிச்சிரும்." குதிரையோட காது லேசா திரும்புது. ரெண்டு பேரும் மூச்சப் புடிச்சுக்கிறாங்க. போன் உள்ளங்கைக்குள்ள அதிர்ந்து அதிர்ந்து அடங்குது. காது தளருது, கீழ் உதடு தொங்க, குதிரை குறட்டை விடுது. குடுத்து வச்ச ஜென்மம்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே, வந்த கொட்டாவிய அவ சத்தமில்லாம முழுங்குறா.