காந்தம் ஒட்டிய இடம்

அத்தீலியோ கைக்குட்டையைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தார். "மனுஷன் பொய் சொல்லுவான், இது சொல்லாதும்மா. இரும்புன்னா பிடிக்கும். அடிபட்ட இடத்துல பட்டி பூசி மறைச்சிருந்தா, பிடிக்காம கீழே விழும்."

"தாராளமாப் பாருங்க ஐயா. விளம்பரத்துல போட்ட மாதிரி, இதுவரைக்கும் அடிபடாத வண்டி" என்றாள் நீவெஸ். சொல்லும்போது அவள் விரல்கள் சால்வை நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தன.

இத்தாலியின் போ ஆற்றங்கரை மூடுபனி கொட்டகை வாசல் வரை வந்து நின்றது. உள்ளே, அறுபத்தாறாம் வருஷத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வாலிபத்தில் இந்த மாடலை ஓட்டியவர் அத்தீலியோ. அறுபத்தைந்து வயதில் அது மறுபடியும் வேண்டும் என்ற ஆசை அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஆனால் ஆசையை முகத்தில் காட்ட அவர் என்ன கத்துக்குட்டியா? நாலு குறை சொல்லாமல் எந்த வண்டியையும் அவர் வாங்கியதே இல்லை.

"பதினேழு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள் நீவெஸ். "யார் கைக்குப் போகணுமோ அவர் கைக்குத்தான் கொடுப்பேன்."

"அது நான்தான்னு வச்சுக்குங்களேன்!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கதவு, பானெட், பின்பக்கம் எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டியது. உள்ளே ஏறி உட்கார்ந்தார். சீட் ஓரத்தில் பழைய சிகரெட் சுட்ட தழும்பு ஒன்று. அதைத் தடவிய விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

டேஷ்போர்டில் சின்னத் தகரப் பலகை. "மெதுவாப் போ, எங்களை நினைச்சுக்கோ" என்ற எழுத்துக்குக் கீழே, சைக்கிளைப் பிடித்தபடி பத்து வயதுப் பையன். அந்தப் பக்கத்தில் பாதி வண்டிகளில் இப்படி வீட்டு ஆட்களின் போட்டோ இருக்கும். ஆனாலும் அந்தக் கண்கள் தன்னையே பார்ப்பது போல அவருக்கு இருந்தது.

"யாரு, பேரனா?"

"தம்பி. ஒரெஸ்தே."

"இப்ப எங்கே இருக்கான்?"

"இங்கேதான்."

அத்தீலியோ கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை. அப்போது பனிக்குள்ளிருந்து 'கிணிங்' என்று சைக்கிள் மணி. காந்தம் கை நழுவித் தரையில் விழுந்தது.

"யாரோ வர்றாங்க போலிருக்கே?"

"யாரு?"

"மணி அடிச்சுதே!"

"எனக்குக் கேக்கலையே. வெள்ளம் வந்ததுக்கு அப்புறம் அந்த ஆத்தோர ரோட்டையே மூடிட்டாங்களே ஐயா."

அவர் இறங்கிக் காந்தத்தைப் பொறுக்கிக்கொண்டார். சீக்கிரம் பேரத்தை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது முன்பக்க வலது மட்கார்டு மட்டும். வைத்தார், ஒட்டியது. இடம் மாற்றி வைத்தார். பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா?" என்றாள் நீவெஸ். குரல் நடுங்கியது. பாவம், குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தார். பேரம் பேசும் வாய் சும்மா இருக்குமா?

"யார்கிட்டம்மா கதை விடறீங்க? இந்த மட்கார்டு சப்பளிஞ்சு போனது. எவனோ கெட்டிக்கார டிங்கர், பட்டியே பூசாம தகட்டைத் தட்டித் தட்டி நிமிர்த்தியிருக்கான். விலையைப் பாதியாக் குறைங்க!"

நீவெஸ் கொட்டகைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"அந்த டிங்கர் எங்க அப்பா. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு பனிக்காலைல, ஒருத்தன் என் தம்பி மேல மோதிட்டு நிக்காமப் போனான். நம்பர் பலகையைக் கழட்டிட்டு தோப்புல அவன் விட்டுட்டு ஓடின வண்டியை, அப்பா ஒருத்தருக்கும் தெரியாம இழுத்துட்டு வந்தார். ஒரு வருஷம் அழுதுக்கிட்டே தட்டினார். 'அடிபடாத வண்டின்னு விளம்பரம் போடும்மா, இல்லை அடிபட்டதுன்னு சொல்றவன் ஒருநாள் வருவான்'னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினார்."

"எ... எனக்கு அனுபவம்மா. பார்த்தாலே தெரிஞ்சுடும்..."

"பதினேழு பேரும் அனுபவக்காரங்கதான். ஒருத்தருக்கும் தெரியலை."

அத்தீலியோ அவசரமாகக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றப் பார்த்தார். கைக்குட்டை நழுவிக் கீழே விழுந்தது. நீவெஸ் தரையில் கிடந்த கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எங்களைத் தவிர அந்த அடி ரெண்டே பேருக்குத்தான் தெரியும் ஐயா. ஒருத்தன் அந்தப் போட்டோவுல இருக்கான்."