நெஞ்சை அமுக்கச் சொன்ன மகன்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் என்றால் ஆஸ்பத்திரியில் இறக்கிப் போட்டுவிட்டுப் போகிற மூட்டைதான். நினைக்க நினைக்க வீரசிங்கத்துக்கு வாய் கசந்தது. எழுந்து போய் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்தார். மனைவி இராக்கம்மா பதுளை ஆஸ்பத்திரியில் இந்த வார்டுக்கு வந்து ஒரு கிழமை ஆகிறது; கொழும்பிலிருக்கிற மகன் போனில் மட்டும் அழுகிறான்.

அடுத்த கட்டிலைப் பார்த்தால்தான் கொஞ்சம் மனசு ஆறியது. லுணுகலைப் பக்கத் தோட்டத்து ஜெயலெட்சுமி நினைவில்லாமல் கிடந்தாள். மகன் தயாபரன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு டொக்டர் ஆதிலாவிடம் கெஞ்சினான்.

"மூச்சு நின்னா நெஞ்ச அமுக்குங்க டொக்டர். மெசினப் போடுங்க. எதையும் விட்டுறாதீங்க."

"இந்த ஒடம்புல அமுக்கினா விலா எலும்புதான் ஒடையும். உசிரு திரும்பினாலும் கொஞ்ச நாள் வேதனைதான்." ஆதிலா குரலைத் தாழ்த்தினாள். "நினைவு இருந்தப்ப அம்மாவே சொன்னாங்க, 'போதும் புள்ள, என்னைய நிம்மதியா விடு'ன்னு. கட்டில்ல தொங்குற நோயாளி டிக்கட்ல அப்படியே எழுதி வெச்சிருக்கேன்."

வீரசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "தோட்டத்துச் சனம்னா எலும்பு ஒடையும். இதே தொர வீட்டு அம்மான்னா அமுக்குவீங்க, இல்ல?"

"ஐயா, நீங்க இவங்களுக்கு யாரு?"

"யாருமில்ல. வாய் இருக்கு, கேக்கிறேன்."

தயாபரனின் போன் அடித்தது. "ஒண்ணும் ஆகல. சொன்னபடியே எல்லாரும் வந்துருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான். தாய் முகத்தைக் கடைசியாகப் பார்க்கச் சொந்தபந்தத்தைக் கூப்பிடுகிறான் என்று உருகிப்போனார் வீரசிங்கம்.

"எழுதினத வெட்டுங்க டொக்டர். இல்லாட்டி மேல போயி பேசுவேன்," என்றான் தயாபரன்.

ஆதிலா கிழவியின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழுதியதை வெட்டினாள்.

"பேனாவால வெட்டினா ஆச்சா? அந்த நேரத்துல கை வைப்பீங்களாங்கிறதே சந்தேகம்." முனகிக்கொண்டே வெந்நீர் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார் வீரசிங்கம். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெறணும்.

வார்டு வாசலைத் தாண்டும்போது, டொக்டரிடம் தயாபரன் மெதுவாகச் சொல்வது பின்னால் கேட்டது.

"ஞாயித்துக்கெழம வரைக்குந்தான் டொக்டர். எம் மக கழுத்துல தாலி ஏறிட்டா அப்புறம் அமுக்க வேணாம்."