பக்கத்து இருக்கைச் சிரிப்பு

மகள் லுயாண்டோ மறுபடியும் சிரித்தாள். முன் வரிசையில் மூன்று தலைகள் திரும்பின. அதில் ஒன்று சிம்விங்காவின் மனைவியுடையது என்று தெரிந்ததும், முலேயா இருக்கையில் ஒரு சாண் கீழே சரிந்துகொண்டார்.

முலேயா லாரி ஓட்டும் கம்பெனிக்கு மேலாளர், சிம்விங்கா. ஞாயிற்றுக்கிழமை மதியம் போவதற்கு லுசாகாவில் எத்தனையோ இடம் இருக்க, மனுஷன் மனைவியோடு இந்தத் தியேட்டருக்குத்தானா வரவேண்டும்?

திரையில் ஒரு பள்ளித் தலைமையாசிரியையும் அவளுடைய மகளும் ஒரே பானைக் கூழைக் குடித்துவிட்டு உடம்பு மாறித் தவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் உடம்புக்குள் மாட்டிக்கொண்ட மகள், பள்ளி மேடையில் ஏறி இடுப்பை ஆட்டினாள். பின் வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்.

லுயாண்டோ அப்பாவின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

முலேயாவுக்கு உடம்பு கூசியது. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் மகளைப் பார்க்கிறார். மனைவி பிரிந்து, சோமாவில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆகஸ்ட் விடுமுறைக்கு ஒரே ஒரு நாள் அனுப்பச் சொல்லி மூன்று மாதம் போனில் கெஞ்சியிருந்தார்.

வந்த பிள்ளையோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. இந்த வயசுப் பிள்ளைகள் இந்தப் படத்துக்கு வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள் என்று கூட வேலை பார்க்கும் டிரைவர் ஒருவர் சொன்னார். அதை நம்பித்தான் கூட்டிவந்தார்.

"மெதுவாம்மா," என்றார் காதோரம்.

"அந்தம்மா நடக்கிறதப் பாருங்கப்பா. செருப்பு அறுந்த வாத்து மாதிரி." மறுபடியும் சிரிப்பு.

சிம்விங்காவின் மனைவி திரும்பாமலே உச்சுக்கொட்டினாள்.

"வாய மூடு. பதினஞ்சு வயசாச்சு, இன்னும் என்ன சின்னப் பாப்பாவா நீ? ஊர் மொத்தமும் நம்மளத்தான் பாக்குது," என்று சீறினார் முலேயா.

லுயாண்டோ வாயை மூடிக்கொண்டாள். கைகளை மடியில் வைத்துத் திரையைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில், மகளின் உடம்பில் இருந்த தலைமையாசிரியை வகுப்பில் எழுந்து நின்று, கணக்கு வாத்தியாரையே முட்டிபோட வைத்தாள். பின் வரிசை அதிர்ந்தது. லுயாண்டோவின் உதடுகூட அசையவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளைதான் என்று முலேயா நினைத்துக்கொண்டார்.

படம் முடிந்து, கூட்டத்தோடு நழுவிவிடலாம் என்று பார்த்தார். வாசலிலேயே சிம்விங்கா பிடித்துக்கொண்டார்.

"அடடே, முலேயா. பின்னாடி நீங்கதானா? இது பொண்ணா?"

லுயாண்டோ முழங்காலை மடக்கித் தாழ்ந்து, இரண்டு கையையும் மெல்லத் தட்டி வணக்கம் சொன்னாள். "நல்லா இருக்கீங்களாய்யா? நல்லா இருக்கீங்களாம்மா?"

"ஓ, அந்தச் சிரிப்பு இவதானா?" என்றாள் சிம்விங்காவின் மனைவி. "பஸ் ஸ்டாண்டுல கூவி ஆள் ஏத்துற யாரோ உள்ள புகுந்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

முலேயாவின் காது மடல் சுட்டது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நானா வளத்தேன் மேடம்? எல்லாம் அவ அம்மா வளர்ப்பு."

சொன்ன பிறகுதான் மகள் இன்னும் நிமிரவில்லை என்பதைக் கவனித்தார். சிம்விங்கா சாவிக்கொத்தை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். லுயாண்டோ மெதுவாக நிமிர்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டாள்.

வெளியே காற்று புழுதியை வாரி அடித்தது. இரண்டு பேரும் மினிபஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். அந்த ஒரு வார்த்தையை எப்படித் திரும்ப அள்ளுவது என்று முலேயாவுக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருடம் காத்திருந்து வரவழைத்த பிள்ளை. நாளைக் காலை பஸ் ஏறினால் அடுத்து எப்போது வருமோ.

"கோவமா?"

"இல்லப்பா."

"அம்மாவப் பத்தி நான் சொன்னது..."

"அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க கவலப்படாதீங்க."

அது சமாதானமாக இல்லை. இன்னும் கொஞ்சம் சுட்டது. பேச்சை மாற்றினால் தேவலை என்று முலேயா வலிய ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"நெசமாச் சொல்றேன்மா, எனக்கு அந்தப் படத்துல ஒரு எடத்துலகூடச் சிரிப்பு வரல. வயசாயிருச்சு போல. உனக்கு மட்டும் எப்படி அப்படிப் பொத்துக்கிட்டு வந்துச்சு?"

லுயாண்டோ கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் வரலப்பா. நீங்க ஆசையாக் கூட்டிட்டு வந்தீங்களேன்னு சிரிச்சேன்."